துணிபு பிறக்கும் இடம்

தொலைவில் ஒரு மலை. அதன்மேல் புகை எழுகிறது. அங்கே நெருப்பு உண்டு என்று மனம் துணிகிறது. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் அளவை நெறியைக் கற்பிக்கும்போது எடுத்துக்கொள்வது இந்தப் பழைய மலையைத்தான். மலை நெருப்புடையது என்பது பக்கம். புகையுடைமை ஏது. அடுக்களை எடுத்துக்காட்டு. இவற்றின்பின் உபநயம், நிகமனம் என மேலும் இரண்டு உறுப்புகளை எண்ணுவார் உண்டு. நிகமனம் என்பதே முடிந்த முடிபைக் கூறும் உறுப்பு. அடிகளோ அவ்விரண்டையும் எடுத்துக்காட்டுக்குள்ளேயே அடக்கிவிடுகிறார். ஏதுவும் எடுத்துக்காட்டும் செவ்வனே அமைந்துவிட்டால் முடிபு அவற்றிலேயே அடங்கிக் கிடக்கும்; அதற்கெனத் தனி உறுப்பு வேண்டுவதில்லை என்பது அந்த நெறி.

அதே காதையில் போலி ஏதுக்களின் வகைகள் நிரலாக வருகின்றன. அவற்றுள் ஒன்று என்னை நெடுநாளாக ஈர்த்து வந்திருக்கிறது. ஆவியோ பனியோ புகையோ என்னும் ஐயம் தீராமல் நிற்கும்போதே, அதைப் புகையென்று கொண்டு நெருப்பு உண்டெனத் துணிதல் ஒரு குற்றம் என்கிறது காதை. இங்கே குற்றம் எங்கே இருக்கிறது? புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்னும் நெறியில் பழுதில்லை. அம்மலையில் உண்மையாகவே நெருப்பு எரிந்துகொண்டிருக்கவும் கூடும். பிழை நேரத்தில் இருக்கிறது. இன்னும் சற்று நோக்கியிருக்க வேண்டிய கண் முன்னதாகவே நோக்கை முடித்துக்கொண்டது.

எதிலிருந்து எது பெறப்படும் என்பதை உலகின் அளவை நூல்கள் நுணுகி ஆய்ந்திருக்கின்றன. எவ்வளவு நோக்கினால் போதும் என்னும் கேள்வியை அவற்றுட் பல அறிஞரின் நல்லறிவுக்கே விட்டுவிட்டன. அந்தக் கேள்விக்குக் கணக்கும் கருவியும் கிடைத்தது 20ஆம் நூற்றாண்டில்தான். ஒரு முடிபின் தரத்தை அறிய விரும்புவோர் அதன் உள்ளடக்கத்தை ஆராய்வதோடு நில்லாமல், தேடல் எங்கே நின்றது, எதனால் நின்றது என்றும் ஆராய வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

மூளைக்குள் இந்த நிறுத்தம் எவ்வாறு நிகழ்கிறது என்பதைக் காட்டிய ஆய்வை அருகிருந்து காண்போம். பயிற்சி பெற்ற குரங்கு ஒன்று திரைமுன் அமர்ந்திருக்கிறது. திரையின் நடுவே ஒரு சிறு குறி. அதன்மேல் கண்ணை நிறுத்தியிருக்க வேண்டும். பின்னர் வட்டவடிவான பரப்பொன்றில் புள்ளிகள் தோன்றி மின்னி மறைகின்றன. பெரும்பாலானவை தாறுமாறாக இடம் மாறுகின்றன. ஒரு பகுதி மட்டும் வலமாகவோ இடமாகவோ ஒருமுகமாக நகர்கிறது. அப்பகுதி பாதியளவு இருந்தால் எவரும் உடனே திசையைச் சொல்லிவிடலாம். நூற்றுக்கு மூன்றே புள்ளிகள் ஒன்றுபட்டு நகரும்போது திசை பெருங்குழப்பத்துள் மறைந்துவிடும். திசை தெரிந்ததும் குரங்கு அப்பக்கத்துக் குறியை நோக்கிக் கண்ணைப் பாய்ச்சும். சரியாயின் ஒரு மிடறு பழச்சாறு பரிசு.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வில்லியம் நியூசமும் அவருடைய உடனாய்வாளர்களும் 1980களின் இறுதி முதல் இந்தப் புள்ளிகளைக் கொண்டு பல ஆய்வுகள் நடத்தினர். பார்வைப் புறணியில் இயக்கத்தை உணரும் பகுதி ஒன்று உண்டு. அங்குள்ள நரம்பணுக்களில் சில வலப்புற நகர்ச்சிக்கு மிகுதியாகத் துடிக்கும், சில இடப்புறத்துக்கு. குறிப்பிட்ட திசைக்குரிய அணுக்களை நுண்மின்னோட்டத்தால் தூண்டியபோது குரங்கின் தீர்ப்பு அத்திசைக்கே சாய்ந்ததை 1990இல் அவர்கள் வெளியிட்டனர். தீர்ப்புக்கு வேண்டிய சான்று எங்கிருந்து வருகிறது என்பது அவ்வாறு புலப்பட்டது.

சான்றை எண்ணித் தொகுப்பது எது? ஜேமி ராய்ட்மனும் மைக்கேல் ஷாட்லனும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தேடியது. கண்பாய்ச்சலோடு தொடர்புடைய மற்றொரு புறணிப் பகுதியில், மூளையின் பின்மேற்பக்கத்தில், நரம்பணுக்களின் துடிப்பு மெல்ல மெல்ல ஏறுவதை அவர்கள் பதிந்தனர். புள்ளிகள் தெளிவாக நகர்ந்தால் துடிப்பு விரைந்து ஏறியது. மங்கலாக நகர்ந்தால் தயங்கித் தயங்கி ஏறியது. வியப்பு ஏற்றத்தின் உச்சியில் இருந்தது. விரைந்து ஏறினாலும் தயங்கி ஏறினாலும், கண் பாய்வதற்கு ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் முன்பு, துடிப்பு ஏறக்குறைய ஒரே அளவைத் தொட்டிருந்தது. எளிய கேள்விக்கும் அரிய கேள்விக்கும் வரம்பு ஒன்றே. சான்று அந்த வரம்பைத் தொடும்போது தேடல் முடிகிறது, செயல் தொடங்குகிறது.

புள்ளிகளில் ஒருமுக நகர்ச்சியே இல்லாதபோதும், அனைத்தும் தாறுமாறாகவே நகர்ந்தபோதும், குரங்கு ஒரு திசையைத் தேர்ந்தது. அப்போதும் துடிப்பு ஏறி வரம்பைத் தொட்டது. தற்செயலான சலசலப்பே அதை ஏற்றிவிட்டது. சான்று சிறிதும் இல்லாத இடத்திலும் முடிபு பிறக்கும். பிறந்த முடிபைப் பார்த்து மட்டும் அது சான்றில் பிறந்ததா சலசலப்பில் பிறந்ததா என்று பகுத்தறிய முடியாது. நம் அன்றாட உறுதிகளுள் எத்தனை இவ்வாறு பிறந்தவையோ என்று எண்ணும்போது நெஞ்சம் சற்றே நடுங்குகிறது.

குரங்கின் மூளையில் கண்ட இந்த நெறியை அதற்கு ஏறத்தாழ 60 ஆண்டுகளுக்கு முன்பே இருவர் கணக்கில் கண்டிருந்தனர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், ஒருவர் பணியை மற்றவர் அறியாத நிலையில், அட்லாண்டிக் பெருங்கடலின் இரு கரைகளிலும் அது நிகழ்ந்தது.

இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் ஆலன் டியூரிங் செருமானியக் கடற்படையின் எனிக்மா பொறியின் மறைமொழியை உடைக்க முயன்றுகொண்டிருந்தார். இடைமறித்த இரு செய்திகள் பொறியின் ஒரே அமைவிலிருந்து வந்தவையா என்பதை அறிவது முதற்பணி. பான்பரி என்னும் ஊரில் அச்சிடப்பட்ட நீண்ட தாள்களில் செய்தியின் எழுத்துகளைத் துளைகளாக இட்டு, ஒன்றன்மேல் ஒன்றை வைத்து நகர்த்தினர். துளைகள் ஒன்றோடொன்று பொருந்தும் இடங்களை எண்ணினர். ஒவ்வொரு பொருத்தமும் சான்றின் எடையைச் சற்றுக் கூட்டும்; பொருந்தாமை சற்றுக் குறைக்கும். அவ்வூரின் பெயரையொட்டி அந்த எடைக்குப் ‘பான்’ என்று ஓர் அலகை டியூரிங் அமைத்தார். ஒரு பான் சேர்ந்தால் வாய்ப்பு பத்து மடங்காகும். அதன் பத்தில் ஒரு பங்கான ‘டெசிபான்’ மனித உள்ளுணர்வு உணரத்தக்க மிகச்சிறிய சான்றெடை என்று கருதப்பட்டது. கூட்டிக்கொண்டே போவர், குறித்த எல்லையை எட்டியதும் நிறுத்துவர். ஐயத்தை ஆழாக்கு கொண்டு அளந்தது போன்ற பணி அது.

அதே ஆண்டுகளில் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் போர்க்காலப் புள்ளியியல் குழுவில் ஆபிரகாம் வால்ட் பணியாற்றினார். 1902இல் இன்றைய ருமேனியாவின் குளூஜ் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1938இல் வியன்னாவை விட்டு அமெரிக்கா சென்றவர். 1943இல் ஆலன் வாலிஸும் மில்ட்டன் ஃபிரீட்மனும் அவரிடம் ஒரு புதிரைக் கொண்டுவந்தனர். வெடிபொருள்களை ஒப்பிட்டுச் சோதிக்கும்போது எத்தனை முறை வெடிக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே வகுத்துக்கொள்வது அக்கால வழக்கம். பட்டறிவு மிக்க படை அதிகாரியோ பாதிச் சோதனையிலேயே எது மேல் என்று கண்டுகொள்வார், எஞ்சியவை வீண். அந்த அதிகாரியின் கண்ணறிவைக் கணக்காக்க முடியுமா?

வால்ட் தந்த விடை இது. ஒவ்வொரு சோதனைக்குப் பின்னும் இரு கருதுகோள்களின் நிகழ்தகவு விகிதத்தைக் கணிக்க வேண்டும். மேல்வரம்பைத் தொட்டால் ஒன்றை ஏற்கலாம். கீழ்வரம்பைத் தொட்டால் மற்றொன்றை ஏற்கலாம். இடையில் நின்றால் இன்னும் ஒரு சோதனை செய்யலாம். பிழையை எவ்வளவு பொறுத்துக்கொள்ளலாம் என்பதே வரம்புகளை வகுக்கும். இம்முறையால் சோதனைகளின் எண்ணிக்கை பெரும்பாலும் பாதியாகக் குறைந்தது. போர்ப்பயன் கருதி மறைத்து வைக்கப்பட்ட இந்த ஆய்வு 1945இல் வெளிவந்தது. அதே பிழையளவில் இதனினும் குறைந்த சோதனைகளால் முடிவெடுக்கும் முறை வேறு இருக்க முடியாது என்பதை 1948இல் வால்டும் ஜேக்கப் வுல்ஃபோவிட்சும் நிறுவினர். வால்ட் இந்திய அரசின் அழைப்பை ஏற்று இங்கு வந்து விரிவுரைகள் ஆற்றினார். அப்பயணத்தின் நடுவே, 1950 திசம்பர் 13 அன்று, அவரும் அவர் துணைவியும் சென்ற வானூர்தி நீலகிரி மலையில் மோதி நொறுங்கியது. அப்போது அவருக்கு வயது 48. எப்போது நிறுத்த வேண்டும் என்பதற்கு உலகுக்குக் கணக்குத் தந்த அறிஞர் நம் மலையில் உயிர்நீத்ததைத் தமிழ்நாட்டில் அறிந்தோர் குறைவு. அறிந்திருக்க வேண்டும் என்று விழைகிறேன்.

2002இல் ஜோஷுவா கோல்டும் ஷாட்லனும் எழுதிய கட்டுரை பிளெட்ச்லியின் தாள்களையும் குரங்கின் நரம்பணுக்களையும் ஒரே கோட்டில் இணைத்தது. நரம்பணுத் துடிப்பின் ஏற்றம் சான்றெடையின் கூட்டல் என்றே அவர்கள் பொருள்கொண்டனர். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. அந்தப் புறணிப் பகுதியைத் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்தபோதும் குரங்குகளின் தீர்ப்பு பெரிதும் கெடவில்லை என்று 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே கணக்கு அந்த ஒரே இடத்தில் நடைபெறுகிறது என்று கூற இயலாது. பல பகுதிகளில் பரந்து நடைபெறலாம். தொகுத்தலும் வரம்பும் என்னும் நெறி மட்டும் இன்றளவும் வலுவாக நிற்கிறது.

வரம்பைத் தொட்டபின் என்ன நிகழ்கிறது என்பதே எனக்கு மிகவும் இன்றியமையாததாகத் தோன்றுகிறது. 2008இல் ரூஸ்பே கியானியும் உடனாய்வாளர்களும் புள்ளிகள் எவ்வளவு நேரம் தோன்ற வேண்டும் என்பதைத் தாங்களே வகுத்தனர். குரங்கு விரைந்து விடைசொல்ல வேண்டியதில்லை. இறுதிவரை நோக்கிக் காத்திருக்கலாம். அவ்வாறு இருந்தும், தொடக்கத்தில் வந்த சான்றே தீர்ப்பை வகுத்தது. வரம்பு தொடப்பட்டபின் புள்ளிகள் நகர்ந்துகொண்டே இருந்தன. கண் அவற்றின் முன்னே திறந்தே இருந்தது. மூளை அவற்றை எண்ணுவதை நிறுத்திவிட்டிருந்தது. பட்டிமன்றத்திலும் வழக்குமன்றத்திலும் வீட்டுத் திண்ணையிலும் நாம் காணும் பிடிவாதத்திற்குத் தீய உள்ளம்தான் காரணம் என்று சொல்ல வேண்டியதில்லை. எண்ணும் வேலை முன்னரே முடிந்துவிட்டது. பின்வந்த சான்றுக்கு உள்ளே இடமில்லை.

முழுதும் அடைபட்டுவிடுகிறதா என்றால், இல்லை. மறுவருடம் வெளிவந்த மற்றோர் ஆய்வில் மனிதர்கள் ஒரு கைப்பிடியை வலமாகவோ இடமாகவோ நகர்த்தித் திசையைக் காட்டினர். கை நகரத் தொடங்கியதுமே புள்ளிகள் மறைக்கப்பட்டன. சில முறை, பாதி வழியில் கை வளைந்து எதிர்ப்பக்கம் சென்றது. புதிய சான்று எதுவும் வரவில்லை. கண்ணிலிருந்து மூளைக்கு வந்துகொண்டிருந்த, தீர்ப்பின்போது எண்ணப்படாமல் எஞ்சிய சான்று பின்னர் எண்ணப்பட்டது. அவ்வாறு மாறிய தீர்ப்புகளில் திருத்தங்களே மிகுதி. மனம் மாறுவோரைத் தளர்ந்தவர் என்று இகழும் நம் வழக்கத்தை இந்த வளைந்த கோடுகள் மறுக்கின்றன.

வரம்பு எல்லோருக்கும் ஒரே உயரத்தில் அமைவதில்லை. இரு குடுவைகள்: ஒன்றில் 85 மணிகள் ஒரு நிறம், 15 மற்றொரு நிறம், அடுத்த குடுவையில் நேர்மாறு. மறைவிலிருந்து ஒவ்வொரு மணியாக எடுத்துக் காட்டுவர். எந்தக் குடுவையிலிருந்து வருகின்றன என்று உறுதிப்பட்டதும் சொல்ல வேண்டும். 1988இல் இலண்டனில் இதை நடத்திய ஆய்வாளர்கள், பிறழ்நம்பிக்கை நோயால் வருந்துவோர் மற்றவரைவிடக் குறைந்த மணிகளிலேயே முடிபுக்கு வருவதைக் கண்டனர். எதிர்முனையில், பூட்டிய கதவை மீண்டும் மீண்டும் இழுத்துப் பார்ப்போரின் துன்பம் இருக்கிறது. பூட்டு பூட்டியிருப்பதைக் கண் காண்கிறது, கை உணர்கிறது, ‘போதும்’ என்னும் உணர்வு மட்டும் எழுவதில்லை. அறிவும் முடிந்தது என்னும் உணர்வும் ஒன்றல்ல என்பதற்கு இவர்களுடைய துயரமே சான்று.

ஐயம் தீர்ந்தது என்று எவ்வளவு எளிதில் கொள்கிறோம் என்பதை 1960இல் பீட்டர் வேசன் காட்டினார். 2, 4, 6 என்னும் மூன்று எண்கள் ஒரு நெறிக்கு உட்பட்டவை. வேறு மூவெண்களைச் சொல்லிச் சோதித்து நெறியைக் கண்டுபிடிக்க வேண்டும். பலரும் 8, 10, 12 என்றார்கள். ஆம் என்றார் வேசன். 20, 22, 24 என்றார்கள், ஆம். உடனே, இரண்டிரண்டாகக் கூடும் எண்கள் என்று அறிவித்தார்கள். நெறி அதுவன்று. ஏறுவரிசையில் அமைந்த எந்த மூவெண்களும் பொருந்தும். ஆய்வில் பங்கேற்ற 29 பேருள், தவறான முடிபு எதையும் அறிவிக்காமல் நேரே சரியானதை அறிவித்தவர் அறுவர் மட்டுமே. தம் கருத்தை உடைக்கக்கூடிய எண்களைச் சொல்லிப் பார்க்க மற்றவர்க்குத் தோன்றவில்லை. ‘ஆம்’ என்னும் சொல்லைத் தொடர்ந்து கேட்டதே வரம்பை எட்டிய உணர்வைத் தந்துவிட்டது.

இதற்கு நேர் எதிரான மனத்தை அறிவியல் வரலாற்றில் தேடினால் யோகான்னசு கெப்ளரிடம் வந்து நிற்போம். 1600ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் பிராகு நகருக்கு அருகே பெனாட்கி கோட்டையில் டைக்கோ பிராகியிடம் வந்து சேர்ந்தார். தொலைநோக்கி இல்லாக் காலத்தில் வெறுங்கண்ணால் வானை மிகத் துல்லியமாக அளந்தவர் டைக்கோ. செவ்வாயின் பாதையைக் கணிக்கும் பணி கெப்ளருக்கு வந்தது. எட்டு நாளில் முடிப்பதாகச் சொன்னார், ஆண்டுகள் ஓடின. கெப்ளர் வந்த மறு ஆண்டே டைக்கோ மறைந்தார். அவர் அளந்து வைத்த குறிப்புகள் கெப்ளர் கைக்கு வந்தன.

செவ்வாய், கதிரவனுக்கு நேர் எதிரே நின்ற 12 பொழுதுகளின் அளவுகள் அவரிடம் இருந்தன. வட்டப் பாதை என்று கொண்டு, நான்கு அளவுகளை எடுத்து, வட்டத்தின் நடுவையும் விரைவின் நடுவையும் ஒருங்கே பொருத்த வேண்டும். நேர்வழி இல்லை, ஊகித்து, கணித்து, திருத்தி, மீண்டும் கணிக்க வேண்டும். ஏறத்தாழ 70 முறை அவர் அவ்வாறு கணித்தார். இறுதியில் 12 அளவுகளும் 2 கலைக்குள் பொருந்தின. ஒரு பாகையில் 60 கலை. முழுநிலவின் அகலம் ஏறத்தாழ 30 கலை. வேறு எவராக இருந்தாலும் அங்கே எழுதுகோலைக் கீழே வைத்திருப்பர்.

கெப்ளர் வைக்கவில்லை. தம் கோட்பாடு திசையைச் சரியாகத் தருகிறது. தொலைவையும் சரியாகத் தருகிறதா என்று வேறு வழியில் சோதித்தார். தரவில்லை. தொலைவுக்கு ஏற்ப வட்டத்தைத் திருத்தினால் திசையில் 8 கலை பிழை வந்தது. நிலவின் அகலத்தில் கால்பங்கு. பண்டைய வானியலாளர் தாலமியின் அளவுகள் 10 கலைக்குள்தான் நம்பத்தக்கவை. ஆகவே தாலமி இதைப் பொருட்படுத்தாமல் இருந்திருக்கலாம் என்று கெப்ளரே எழுதுகிறார். டைக்கோவின் அளவுகளில் அத்தகைய பிழைக்கு இடமில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆண்டுக்கணக்கான உழைப்பை அந்த 8 கலைக்காகக் கைவிட்டார். வானியலைச் சீர்திருத்தும் வழியை அந்த 8 கலையே காட்டியது என்பது அவர் கூற்று. தம்முடைய வரம்பைத் தம் களைப்பு வகுக்க அவர் விடவில்லை. கருவியின் துல்லியம் வகுக்க விட்டார். வேசன் பின்னாளில் பெரும்பாலோரிடம் காணாத மனம் இது.

பின்வந்த வழியும் செவ்வையானதன்று. வட்டத்தை விட்டு முட்டைவடிவத்தை எடுத்தார். அதில் நெடுநாள் உழன்றார். வட்டத்துக்கும் உண்மைப் பாதைக்கும் இடையே மிகுதியாக விலகும் இடத்தில் இடைவெளி, ஒரு லட்சம் பங்கில் 429 என்று கண்டார். செவ்வாயின் கோணக் கணக்கொன்றில் 1.00429 என்னும் எண் எதிர்ப்பட்டபோது உறக்கத்திலிருந்து விழித்ததுபோல் உணர்ந்ததாக எழுதுகிறார். அதன் பின்னும் ஒருமுறை வழிதவறினார். 1605இல்தான் நீள்வட்டம் உறுதிப்பட்டது. 1609இல் வெளிவந்த ‘புதிய வானியல்’ என்னும் அந்நூலில் 70 இயல்கள்.

நூலாக எழுதியபோது அவர் செய்தது அரிய செயல். தவறிய வழிகளை மறைக்கவில்லை. வட்டம் தோற்றது, முட்டைவடிவம் தோற்றது என ஒவ்வொன்றையும் வரிசைப்பட எழுதினார். அறிவியல் எழுத்து பின்னாளில் வேறு மரபைக் கைக்கொண்டது: முன்னுரை, முறை, முடிவுகள், ஆய்வுரை. ஆராய்ச்சிக் கட்டுரை ஒரு பொய்த்தோற்றம் ஆகுமா என்று 1963இல் பீட்டர் மெடவார் கேட்டார். கட்டுரை காட்டும் ஒழுங்கில் எந்த ஆய்வாளரும் சிந்திப்பதில்லை. முதலில் கருதுகோள் பிறக்கிறது, பின்னரே நோக்கல் அதனால் வழிநடத்தப்படுகிறது என்பது அவர் குற்றச்சாட்டு. நானும் அவர் பக்கமே. முடிபை மட்டும் நேர்த்தியாக நிறுத்திக் காட்டும் கட்டுரை, ஆய்வாளர் எந்த இடத்தில் தேடலை நிறுத்தினார் என்பதை வாசகருக்குக் காட்டாமல் விடுகிறது. நம் பள்ளிகளில் செய்முறைக் குறிப்பேடு எழுதும் மாணவர் விடைநூலில் உள்ள அளவைப் பார்த்து எழுதப் பழகுவதும் இம்மரபின் தீய கிளைதான். அக்குறிப்பேட்டில் 8 கலைக்கு இடமே இல்லை.

எழுதுபவரை விட்டு வாசிப்பவரிடம் வந்தால், அவர் மனமும் வாக்கியத்தின் இறுதியில்தான் தொகுக்கும் வேலையைச் செய்கிறது. வாசகர் கண்ணசைவைப் பதிந்த மார்செல் ஜஸ்ட், பாட்ரிஷியா கார்ப்பென்டர் ஆகியோர் 1980இல் காட்டியவாறு, வாக்கியத்தின் இறுதிச் சொல்லில் கண் சற்றுக் கூடுதலாகத் தங்குகிறது. அதுவரை வந்தவை அங்கே தொகுக்கப்படுகின்றன. வினைமுற்றை இறுதியில் வைக்கும் தமிழில் இது இன்னும் நுண்ணியது. நடந்ததா நடக்கவில்லையா என்பதே கடைசிச் சொல்லில்தான் தெரியும். தமிழ் கேட்கும் செவி ஒவ்வொரு வாக்கியத்திலும் தீர்ப்பைச் சற்றே ஒத்திவைக்கப் பழகுகிறது.

கணிதத்தில் முடிபு ஐயத்துக்கு அப்பாற்பட்டது என்பர். அதையும் கெப்ளரே சோதனைக்கு உள்ளாக்கினார். 1611இல் பனித்துகளின் ஆறுமூலை வடிவைப் பற்றி எழுதிய சிறுநூலில், ஒரே அளவுள்ள உருண்டைகளை அடுக்கும் முறைகளுள் பழக்கடைக்காரர் ஆரஞ்சுகளை அடுக்கும் முறையே இடத்தை மிகுதியாக நிரப்பும் என்றார். அது இடத்தில் 74 விழுக்காட்டைச் சற்று மிஞ்சி நிரப்பும். நிறுவலை எவராலும் தர முடியவில்லை. 1998இல் தாமஸ் ஹேல்ஸ் தந்தார். நூற்றுக்கணக்கான பக்கங்கள், அவற்றோடு பெரும் கணினிக் கணக்குகள். ஆராயப் பன்னிருவர் அமர்ந்தனர். நான்காண்டு உழைத்தபின், 99 விழுக்காடு உறுதி என்று சொல்லித் தம் பணியை நிறுத்திக்கொண்டனர். முழுவதையும் சரிபார்க்க அவர்களால் இயலவில்லை. உலகின் மிகக் கடுமையான துறையிலும் களைத்த மனிதர் ஓரிடத்தில் ‘போதும்’ என்று சொல்ல நேர்ந்தது. ஹேல்ஸ் அதை ஏற்றுக்கொண்டு அமரவில்லை. ஒவ்வொரு படியையும் கணினியே அடிப்படை நெறிகளிலிருந்து சரிபார்க்கும் முயற்சியைத் தொடங்கி, 2014 ஆகத்து 10 அன்று நிறைவேற்றினார். எஞ்சிய ஒரு விழுக்காட்டுக்கு ஓர் அறிஞர் தம் வாழ்வின் பத்தாண்டுக்கு மேல் கொடுத்த வரலாறு இது.

கணினியாலும் எல்லாவற்றுக்கும் இறுதி சொல்ல இயலாது. ஒரு கணிப்பு என்றேனும் முடிவுக்கு வருமா, முடிவின்றி ஓடுமா என்பதை எல்லாக் கணிப்புகளுக்கும் முன்னறிந்து சொல்லும் பொதுமுறை இல்லை; டியூரிங்கின் 1936ஆம் ஆண்டுக் கட்டுரையிலிருந்து பெறப்படும் உண்மை இது. முடிவு வருமா என்று எப்போதும் அறிய முடியாது என்பதற்கு வழிகாட்டியவரே, நான்கைந்து ஆண்டுகளுக்குள், போதிய சான்றில் துணிந்து நிறுத்தும் முறையையும் வகுத்தார். இவ்விரண்டுக்கும் முரண் இல்லை. முழுமை கைக்கு எட்டாத உலகில்தான் நிறுத்தக் கணக்கு தேவைப்படுகிறது.

வாழ்க்கைத் தேர்வுகளுக்கு அக்கணக்கு எவ்வளவு பொருந்தும்? வருவோரை ஒருவர்பின் ஒருவராகக் கண்டு, விட்டவரிடம் திரும்ப முடியாது என்னும் நிலையில், மொத்தத்தில் முதல் 37 விழுக்காட்டினரைக் கண்டு விடுத்து, அதன்பின் அவர்கள் அனைவரிலும் சிறந்தவராக எவர் முதலில் வருகிறாரோ அவரை ஏற்பதே மிகச் சிறந்த முறை என்கிறது கணிதம். முதல் மனைவி 1611இல் மறைந்தபின் கெப்ளர் ஈராண்டு 11 பெண்களைக் கருதிப் பார்த்தார்; ஐந்தாமவரான சூசன்னாவை 1613இல் மணந்தார். 11 பேரில் 37 விழுக்காடு நால்வர், அடுத்தவர் ஐந்தாமவர். இந்தப் பொருத்தம் தற்செயல் என்றே கொள்ள வேண்டும். அவர் எல்லோரையும் கருதிய பின் திரும்பி வந்து ஐந்தாமவரைத் தேர்ந்தார்; கணிதம் அதற்கு இடம் தரவில்லை. மனிதர்கள் ஒருவருக்காக ஒருவர் காத்திருப்பதும் உண்டு என்பதை அந்தக் கணக்கு அறியாது.

இனி, ஒன்றன் இறுதி அதன் நினைவை எவ்வாறு ஆள்கிறது என்பது. 1993இல் டேனியல் கானமனும் உடனாய்வாளர்களும் 32 மாணவர்களைக் கையைக் குளிர்நீரில் வைத்திருக்கச் செய்தனர். ஒரு முறை 14 பாகை நீரில் 60 நொடி. மற்றொரு முறை அதே நீரில் 60 நொடி, அதன்மேல் 30 நொடி. அந்த 30 நொடியில் நீர் மெல்ல 15 பாகைக்கு ஏறும். இரண்டாவதில் முதல்முறையின் வலி முழுதும் உண்டு. கூடுதல் வலியும் உண்டு. மூன்றாம் முறை எது வேண்டும் என்று கேட்டபோது 22 பேர் நீண்டதையே கேட்டனர். நினைவு வலியின் நீளத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. உச்சத்தையும் இறுதியையும் மட்டுமே வைத்துக்கொண்டது.

மருத்துவத்தில் இதைச் சோதித்தபோது கேள்வி கடினமானது. பெருங்குடலைக் குழாய்க் கருவியால் அகநோக்கும் சோதனை வலி தருவது. 2003இல் வெளிவந்த ஆய்வில் 682 நோயாளருள் குலுக்கல் முறையில் தேர்ந்த ஒரு பகுதியினர்க்கு, சோதனை முடிந்தபின்னும் கருவியின் முனை சிறிது நேரம் அசைவின்றி உள்ளே விடப்பட்டது. அந்த நேரத்தில் தொல்லை இருந்தது, வலி குறைவு. அவர்கள் முழுச் சோதனையையும் குறைந்த வலியுடையதாக நினைவுகூர்ந்தனர். பின்னாளில் மறுசோதனைக்கு வந்தவர்களும் அவர்களில் சற்று மிகுதி. நோயாளர் உடல் பட்ட தொல்லையைக் கூட்டி அவர் நினைவின் துயரைக் குறைப்பது முறையா என்று அறநூலார் வினவுகின்றனர். உடல் பட்டதே மெய், நினைவு அதன் நிழல் என்று ஒரு சாரார் கூறுவர். நான் உடன்படவில்லை. அடுத்த சோதனைக்கு வருவதா வேண்டாமா என்று தீர்ப்பது நினைவுதான். வராமல் போனால் குடற்புற்று முற்றியபின்பே தெரியவரும். நோயாளரிடம் முன்கூட்டியே சொல்லி, அவர் இசைந்தால், அந்தச் சில நிமிடங்களை அளிப்பதே தகும். முன்கூட்டிச் சொன்னபின்னும் நினைவு அவ்வாறே மென்மையாகப் பதியுமா என்பதை மருத்துவமனைகள் அளந்து காட்ட வேண்டும்.